யாரும் எடுக்காத கேசட்டுகள்

“லேடீஸ் இந்த மாதிரிப் படமெல்லாம் பாக்க மாட்டாங்க மேடம். அவங்களுக்கு சீரியல் போதும்.”

ஒரு திரையிடல் முடிந்து வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் இப்படிச் சொன்னார். மாற்று சினிமா குறித்துத் தொடர்ந்து எழுதுகிறவர்; கெட்ட மனிதர் இல்லை. அன்று அரங்கில் நாற்பது பேர் இருந்தோம், பெண்கள் மூன்று பேர். அந்த எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார். படம் மாலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதே காலுக்கு முடிந்தது. அந்த நேரத்தில் எத்தனை வீட்டில் ஒரு பெண் அடுப்படியை விட்டு வெளியே வர முடியும் என்பது அவர் கணக்கில் வரவில்லை. வர முடியாதவர்களை விருப்பமில்லாதவர்கள் என்று எழுதிக்கொண்டார்.

அன்று நான் பதில் சொல்லவில்லை. கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

நல்ல சினிமாவை எனக்கு முதன்முதலில் காட்டியவர் நார்த்தாமலையில் ஜல்லி உடைத்த என் பெரியம்மா. அவர் வீட்டு மரப்பெட்டிக்குள் பாச்சா உருண்டை வாசத்தோடு நூற்றுச் சொச்சம் வீடியோ கேசட்டுகள் இருந்தன. ‘அவள் அப்படித்தான்’, ‘வீடு’, ‘எலிப்பத்தாயம்’ எல்லாம் எனக்கு அந்தப் பெட்டியிலிருந்து வந்தவை. சினிமா பற்றிய புத்தகங்களைப் பிற்பாடு படித்தபோது அவற்றில் பாதி எனக்கு ஏற்கெனவே தெரிந்த கதைகளாக இருந்தன. அந்தப் புத்தகங்களில் என் பெரியம்மாவைப் போன்ற ஒரு பார்வையாளர் மட்டும் எங்கேயும் இல்லை.

*

திருச்சி – புதுக்கோட்டை சாலையில் போகிறவர்களுக்கு நார்த்தாமலை என்றால் மேலமலை மேல் நிற்கும் விசயாலய சோழீச்சரம், பங்குனித் திருவிழா, முத்துமாரியம்மன். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஊர் என்றால் கல். பாறையைப் பிளக்கிற வேலை ஆண்களுக்கு. உடைத்துச் சல்லியாக்கி, கூடையில் சுமந்து லாரியில் கொட்டுகிற வேலை பெண்களுக்கு. பெரியம்மாவின் இடது கைப் பெருவிரல் நகம் மூன்று முறை விழுந்து முளைத்தது.

பெரியப்பா எண்பதுகளின் தொடக்கத்தில் குவைத்துக்குப் போனார். விடுமுறையில் வந்தபோது ஒரு டெக் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்தில் அன்று டெக் ஒரு சொத்து. சடங்கு, கல்யாணம், காதுகுத்து எதுவென்றாலும் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் ஓட்டுவார்கள். என்ன படம் என்று முடிவு செய்வது இளவட்டங்கள். பந்தி முடிந்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டுப் பெண்கள் வந்து உட்காரும்போது இரண்டாவது படத்தில் பாதி போயிருக்கும். யாருக்குச் சடங்கோ அந்தப் பெண்ணே ஓலைத் தடுப்புக்குப் பின்னால் வசனத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள். என் சடங்கில் ஓடிய மூன்று படங்களையும் நான் காதால்தான் பார்த்தேன்.

பெரியப்பாவின் தம்பி கீரனூரில் கேசட் கடை போட்டார். கேபிள் வந்தது, 1993-இல் சன் டிவி வந்தது, கடை படுத்தது. ஓடுகிற படங்களின் கேசட்டுகளை இன்னொரு கடைக்காரர் மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார். யாரும் எடுக்காதவை சாக்கில் கட்டப்பட்டு, பெரியப்பாவிடம் வாங்கிய கடனுக்கு ஈடு என்ற பெயரில் நார்த்தாமலை வீட்டுக்கு வந்தன. குவைத்தை ஈராக் பிடித்த 1990-இல் வேலையிழந்து வெறுங்கையோடு திரும்பியிருந்த பெரியப்பா, அந்தச் சாக்குகளைப் பார்த்து ஒரு வாரம் தம்பியைத் திட்டினார். பிறகு மறந்துபோனார்.

ஊர் வேண்டாமென்று ஒதுக்கிய படங்கள்தான் எங்கள் சேகரிப்பு. ரசனையால் சேர்ந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ரசனை அதற்குப் பிறகு வந்தது. பெரியம்மா ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்.

அதற்கு முன்பே அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எண்பதுகளின் பிற்பகுதியில் தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமை மதியம் விருது பெற்ற மாநில மொழிப் படங்களை ஒளிபரப்பியது. மலையாளம், கன்னடம், வங்காளம், எப்போதாவது தமிழ். ஞாயிறு மதியம் நம் வீடுகளில் பெண்களுக்கு எப்படிப்பட்ட நேரம் என்று சொல்லத் தேவையில்லை. கறிக்குழம்பு அடுப்பில் இருக்கும். பெரியம்மா டெக்கில் வெற்றுக் கேசட்டைப் போட்டு, பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போவார். எழுதப் படிக்கத் தெரியாத காலத்திலேயே அம்புக்குறியையும் சிவப்புப் புள்ளியையும் பார்த்து டெக்கை இயக்கக் கற்றிருந்தார். வார நாளில், வேலை முடிந்து வந்து, உலை கொதிக்கும் இடைவெளியில் கால்மணி நேரம் பார்ப்பார். நிறுத்துவார். மறுநாள் இன்னொரு கால்மணி. ஒரு படத்தை முடிக்க ஒரு வாரம் ஆகும்.

வீட்டு வீடியோ வந்ததைப் பற்றி எழுதிய ஆண்கள் பலரும் அதைத் திரையரங்கின் வீழ்ச்சியாகவே எழுதினார்கள். இருட்டில் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து பெரிய திரையில் பார்ப்பதுதான் சினிமா என்றார்கள். அந்த இருட்டு நமக்கு எப்படி இருந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. பின் இருக்கையிலிருந்து நீளும் காலையும் பக்கத்து இருக்கைக் கையையும் சமாளித்துக்கொண்டே படம் பார்த்தவர்கள் நாம். தொடர்ச்சியான மூன்று மணி நேரம் என்பது பெரியம்மாவின் வாழ்க்கையில் பிரசவத்தின்போதுகூடக் கிடைக்காத ஒன்று. அவருக்கு டெக் கொடுத்த பெரிய கொடை, படத்தை நிறுத்திவைக்கும் அந்த இரட்டைக் கோட்டுப் பொத்தான். தன் நேரத்துக்குப் படத்தைக் காத்திருக்க வைக்கும் அதிகாரம் அவருக்கு அதில்தான் கிடைத்தது.

*

1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று கொடி கட்டிய சைக்கிள்களோடு பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களை நிறைத்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி, அது இந்தியா முழுக்கப் போனது. கல்குவாரிப் பெண்களும் அதில் இருந்தார்கள். பெரியம்மாவுக்கு சைக்கிள் வசப்படவில்லை. இரண்டு முறை விழுந்து விட்டுவிட்டார். எழுத்து வசப்பட்டது.

கற்ற எழுத்தை அவர் முதலில் எதற்குப் பயன்படுத்தினார் என்று எனக்குத் தெரியும். கேசட்டுகளின் முதுகில் ஒட்டியிருந்த காகிதத்தில் எழுதினார். படத்தின் பெயர், அதன் கீழ் ஒரு வரி. பெயரை ஏன் எழுத வேண்டும், அதுதான் அச்சடித்திருக்கிறதே என்று கேட்டால், “அது கடைக்காரன் எழுதுனது. இது நான் எழுதுனது” என்பார்.

‘வீடு’ கேசட்டில், “நம்ம கல்லு மாதிரியே இருக்கு” என்று எழுதியிருந்தார்.

பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988-இல் வந்தது. அர்ச்சனாவுக்கு அதற்காகத் தேசிய விருது கிடைத்தது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் சுதா என்ற நடுத்தர வர்க்கப் பெண் சொந்தமாக வீடு கட்ட முயல்கிறாள். கடன், லஞ்சம், ஏமாற்று, தாத்தாவின் சாவு. கடைசியில் அந்த நிலமே குடிநீர் வாரியத்துக்காகக் கையகப்படுத்தப்பட்டது என்று அதிகாரிகள் வந்து நிற்கிறார்கள். இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் சொக்கலிங்க பாகவதர் அந்த அரைகுறை வீட்டைத் தடவித் தடவிப் பார்க்கிற காட்சியை எழுதுகிறார்கள். உருக்கமான காட்சிதான். பெரியம்மா பார்த்தது மங்கம்மாவை. கட்டட வேலை செய்கிற மங்கம்மாதான் ஒப்பந்ததாரர் சிமெண்டைத் திருடுவதைச் சொல்கிறாள். அவன் வேலையைப் போட்டுவிட்டுப் போனதும் மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு வீட்டை எழுப்புகிறவளும் அவள்தான். “வீடு அந்தப் பொண்ணோடது. கட்டுனது மங்கம்மா. ரெண்டு பேருக்கும் இல்லேன்னு ஆயிருச்சு, ஆனா படத்துல ஒருத்திக்குத்தான் அழுவுறாங்க” என்றார் பெரியம்மா. கூலியாக அன்றாடம் கல் சுமந்தவரின் விமர்சனம் அது. ‘வீடு’ பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இந்தக் கேள்வி இல்லை.

‘எலிப்பத்தாயம்’ தூர்தர்ஷனிலிருந்து பதிவு செய்தது. அடூர் கோபாலகிருஷ்ணன் 1981-இல் எடுத்த படம். லண்டனில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் சதர்லேண்ட் கோப்பையை வாங்கியது. பழைய தறவாட்டு வீடு. உண்ணி என்ற அண்ணன் எதற்கும் அசையாமல் சாய்வு நாற்காலியில் கிடக்கிறான். தங்கை ராஜம்மா, சாரதா நடித்தது, வெந்நீர் வைப்பது முதல் அவனுக்கு எல்லாம் செய்து செய்து நோயில் விழுகிறாள். நிலவுடைமைச் சமூகத்தின் சிதைவு, எலிப்பொறி என்ற குறியீடு என்று விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அனைத்தும் உண்ணியைப் பற்றி. மலையாளம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும், ஆங்கிலத் துணைவரி ஒன்றுமே புரியாமலும் ஏழு நாளில் அந்தப் படத்தைப் பார்த்து முடித்த பெரியம்மா கேசட்டில் எழுதியது: “கூப்புடுறான் கூப்புடுறான் கூப்புட்டுக்கிட்டே இருக்கான்.”

பதினாறு வயதில் நான் அந்த வரியைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தேன். அதனால் என் காதில் முழுப் படமும் உண்ணி ராஜம்மாவைக் கூப்பிடும் குரலாகவே விழுந்தது. இன்றும் வீட்டில் யாராவது உட்கார்ந்த இடத்திலிருந்து என் பெயரைக் கூப்பிட்டால் அந்தப் படம் நினைவுக்கு வருகிறது.

பெல்ஜியத்தின் ஷாந்தால் ஆகர்மன் 1975-இல், தன் 25 வயதில், ‘ழான் தீல்மான்’ என்ற படத்தை எடுத்தார். மூன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம். ஒரு பெண் உருளைக்கிழங்கு தோல் சீவுகிறாள், பாத்திரம் கழுவுகிறாள், படுக்கை விரிக்கிறாள். அதை உலகின் மிகச் சிறந்த படம் என்று ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழின் வாக்கெடுப்பு 2022-இல் அறிவித்தது. 1952 முதல் பத்தாண்டுக்கொரு முறை நடக்கும் அந்த வாக்கெடுப்பில் ஒரு பெண்ணின் படம் முதலிடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. சமையலறையில் கழியும் நேரமும் சினிமாதான் என்று ஒப்புக்கொள்ள விமர்சன உலகத்துக்கு 47 ஆண்டுகள் ஆயின. நார்த்தாமலையில் அது ஒரு கேசட்டின் முதுகில் ஒரு வரியாக எப்போதோ எழுதப்பட்டுவிட்டது.

*

‘அவள் அப்படித்தான்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

ருத்ரய்யாவின் முதல் படம். 1978 தீபாவளிக்கு வந்து ஓடவில்லை. அதே தீபாவளியை ஒட்டி வந்து ஓடிய படம் ‘சிகப்பு ரோஜாக்கள்’. இரண்டிலும் கமல்ஹாசன். ஒன்றில் பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைக்கிறவன். இன்னொன்றில் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிற அருண். அந்த ஆண்டு தமிழ்நாடு எதை விரும்பிப் பார்த்தது என்பது நமக்குத் தெரிந்த வரலாறு.

இன்று அந்தப் படம் எல்லாப் பட்டியல்களிலும் இருக்கிறது. எப்படி இருக்கிறது? கமலும் ரஜினியும் சேர்ந்து நடித்த அரிய படம். அகாலத்தில் வந்த மேதை ருத்ரய்யா. மஞ்சுவாக நடித்த ஸ்ரீப்ரியா மூன்றாவது பெயர். எங்கள் வீட்டுக் கேசட் உறையிலும் அப்படித்தான்: இரண்டு நாயகர்களின் முகம் பெரிதாக, மூலையில் தபால்தலை அளவுக்கு மஞ்சு. முழுப் படமும் அவளைப் பற்றியது என்பதை உறையைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

கடைசிக் காட்சியில் அருண் வேறொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வருகிறான். காரில் மஞ்சு அந்தப் புதுப்பெண்ணிடம் பெண் விடுதலையைப் பற்றிக் கேட்க, அவள் தனக்கு அதெல்லாம் தெரியாது என்கிறாள். அதனால்தான் நீ மகிழ்ச்சியாக இருக்கிறாய் என்கிற பொருளில் மஞ்சு ஒன்று சொல்கிறாள். பிறகு நடுச்சாலையில் இறங்கிவிடுகிறாள். கார் போய்விடுகிறது. பெரியம்மா இதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கேமரா வச்சிருக்கவன் எல்லாரையும் கேள்வி கேட்டான். அவன ஒருத்தரும் கேக்கல பாத்தியா.”

தேநீர்க் குவளையோடு நின்ற அந்த நல்ல மனிதர் எனக்கு நினைவுக்கு வந்தது இங்கேதான். அருணும் நல்லவன். பெண்களைப் பற்றி அக்கறையோடு கேட்பான், பதிவு செய்வான், கடைசியில் அவள் அப்படித்தான் என்று முடித்துவைத்துவிட்டுக் காரை எடுப்பான். நம் மாற்று சினிமா எழுத்தில் பெரும்பகுதி அருண் எழுதியது.

சென்ற ஆண்டு என் முதுகலை மாணவியருக்கு அந்தக் காட்சியைக் காட்டினேன். மஞ்சுவைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்தேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்: “மேடம், அந்தக் கல்யாணப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஏன் முடிவு பண்ணிட்டாங்க? தெரியாதுன்னு சொன்னாத்தானே அவ அந்தக் கார்ல உக்கார முடியும்?” வகுப்பு அமைதியானது. அந்த மாணவிக்கு அடுத்த மாதம் கல்யாணம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருபத்தைந்து ஆண்டுகளாக அந்தப் படத்தைப் பார்க்கிறேன், அந்தப் பெண்ணை நானும் மஞ்சுவைப் போலவே ஏளனமாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்படிப்பட்ட பார்வையாளர்களைத்தான் ‘இந்த மாதிரிப் படமெல்லாம் பார்க்க மாட்டார்கள்’ என்கிறார்கள்.

தமிழ்ப் பாடம் நடத்துகிறவள் என்பதால் ஒரு இலக்கணக் குறிப்பு. ‘கண்டுகொள்ளப்படாத படங்கள்’ என்று எழுதுகிறோம். செயப்பாட்டு வினை. கண்டுகொள்ளாதவர் யார் என்பதை வாக்கியம் விழுங்கிவிடுகிறது. செய்வினையாக மாற்றிப் பாருங்கள். விநியோகஸ்தர்கள் வாங்கவில்லை. திரையரங்குக்காரர்கள் மூன்றாம் நாளே தூக்கினார்கள். விமர்சகர்கள் எழுதவில்லை. எழுதியவர்கள் இயக்குநரைப் பற்றி எழுதினார்கள். வீட்டில் பார்த்தவர்களோ, அவர்கள் பார்த்ததை யாரும் பார்வை என்றே எண்ணவில்லை. எழுவாயைத் திரும்பக் கொண்டுவந்தால் பொறுப்பும் திரும்ப வரும்.

*

2019-இல் பெரியம்மா இறந்தார். கருமாதிக்குப் போனபோது மரப்பெட்டி திண்ணையில் காலியாகக் கிடந்தது.

“பழைய இரும்புக்காரன் வந்தான். பிளாஸ்டிக்குக்கு மட்டும் எடை போட்டான். நாடாவ உருவிப் போட்டுட்டுக் குடுங்கன்னான்” என்றார் பெரியண்ணன். உருவிய நாடா? சின்னண்ணன் கொல்லைப் பக்கம் கை காட்டினார். கிளி விரட்டுவதற்காகச் சோளக்கொல்லையின் குறுக்கே கம்புக்குக் கம்பு கட்டியிருந்தார்கள். காற்றில் படபடத்து, வெயிலில் மின்னி, ஒரு ரீங்காரம். எந்தப் படம் எந்தக் கம்பில் என்று யாருக்குத் தெரியும்?

அண்ணன்மார் இருவரும் அம்மாவைக் கடைசிவரை நன்றாகப் பார்த்துக்கொண்டவர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்தக் கேசட்டுகள் அம்மாவின் புத்தகங்கள் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. பெரியப்பாவின் குவைத் பாஸ்போர்ட்டைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அப்பாவின் பயணம் வரலாறு. அம்மா பார்த்த படம் குப்பை. இந்தப் பிரிவினையை அவர்கள் வீட்டில் கண்டுபிடிக்கவில்லை, ஊரிலிருந்து வாங்கினார்கள்.

எடைக்குப் போகாமல் பரணில் மிஞ்சியிருந்த 31 கேசட்டுகளை எடுத்துவந்தேன். திருச்சியில் ஒரு பழைய மெக்கானிக் டெக்கைச் சரிசெய்து கொடுத்தார். பாதிக்கு மேல் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை. ஓடியவை 12. அவற்றைக் கணினியில் ஏற்றிவிட்டேன். பெரியம்மா எழுதிய காகிதங்களைத் தனியே படமெடுத்தேன். இவற்றை வைத்துக்கொள்ள முடியுமா என்று ஒரு நிறுவனத்தில் கேட்டேன். “படம்தான் நெட்ல இருக்கே மேடம், இத வச்சு என்ன பண்றது” என்றார்கள்.

நெட்டில் இருக்கிறது என்ற பதிலைப் பற்றியும் பேசிவிடலாம். தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்தின் நாயகி டி.பி. ராஜலட்சுமி, 1936-இல் ‘மிஸ் கமலா’ என்ற படத்தை எழுதி, தயாரித்து, இயக்கினார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. அரை நூற்றாண்டு தாண்டி வந்த ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ படங்களின் நெகட்டிவ்களும் அழிந்துவிட்டன என்று பாலு மகேந்திராவே வேதனையோடு சொன்னார். இணையத்தில் இன்று நாம் பார்க்கிற பல பழைய படங்களின் மூலையில் ஒரு டிவி முத்திரை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். யாரோ ஒருவர், ஏதோ ஒரு வீட்டில், பொத்தானை அழுத்திப் பதிவு செய்தது. புத்தகம் என்றால் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர் கன்னிமாரா போன்ற நூலகங்களுக்கு ஒரு படி கொடுத்தாக வேண்டும். எல்லாத் திரைப்படத்துக்கும் அப்படியொரு கட்டாயத்தை இந்த நாடு விதிக்கவில்லை.

திருட்டுக் கேசட்டைப் புனிதமாக்குகிறாயா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் பெட்டியில் இருந்தவற்றில் கணிசமானவை உரிமையில்லாப் பிரதிகள். ருத்ரய்யாவுக்கு அதில் ஒரு பைசா போயிருக்காது. குறைந்த பணத்தில் படமெடுக்கும் பெண் இயக்குநர்களைத் திருட்டுப் பிரதி இன்னும் கடுமையாக அடிக்கும். நேர்மையான வழி திறந்தபோது பெரியம்மா அதில்தான் போனார். மோசர் பேர் நிறுவனம் 2007-இல் விசிடியை 28 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியபோது, புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் காசு கொடுத்து வாங்கினார். ஜானகி விஸ்வநாதனின் ‘குட்டி’யை (2001) மட்டும் மூன்று மாதம் தேடினார். சிவசங்கரியின் கதை, கிராமத்திலிருந்து சென்னைக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்படும் சிறுமி. “பொம்பள எடுத்ததாமே” என்பதுதான் காரணம். கடைசியில் பேரன் எங்கிருந்தோ ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தான், உறையில்லாமல். விற்பனைக்குக் கிடைக்காத ஒன்றை வாங்கவில்லை என்று அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ தணிக்கை வாரியம் மறுத்து, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போய் அனுமதி வாங்கிய படம். அந்தப் பேருந்து நிலையத்துக்கு அது வந்துசேரவேயில்லை.

*

நார்த்தாமலையில் பழியிலி ஈச்சுரம் என்று ஒரு குடைவரை உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டு, நிருபதுங்கவர்மனின் ஏழாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. குடைவரையைக் குடைந்தவன் சாத்தன் பழியிலி. அதற்கு முகமண்டபம் எடுத்தவள் அவன் மகள், பழியிலி சிறிய நங்கை. கல்லில் வெட்டியதால் அவள் பெயர் ஆயிரத்து நூறு ஆண்டுகளைத் தாண்டி நமக்குக் கிடைத்தது. குடைவரையைப் பார்க்க வருகிறவர்கள் தகப்பன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு போகிறார்கள் என்றாலும், வாசிக்கத் தெரிந்த ஒருத்தி வந்தால் மகளின் பெயரும் அங்கே இருக்கிறது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து நெருப்பில் போட்டார்கள் என்பதை உ.வே. சாமிநாதையர் எழுதியதைப் படித்து ஒவ்வோராண்டும் என் மாணவியர் பதறுகிறார்கள். அந்தப் பதற்றத்தில் கொஞ்சத்தை உங்கள் வீட்டுப் பரணுக்கும் ஒதுக்குங்கள்.

அம்மா, பெரியம்மா, அத்தை, பாட்டி என்ன படம் பார்த்தார்கள், யாரோடு பார்த்தார்கள், எந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போனார்கள் என்று கேளுங்கள். சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். ஆய்வுத் தலைப்பு கேட்டு வருகிற மாணவியரிடம் நான் இதைச் சொல்கிறேன். “இதுல தியரி எங்க மேடம்?” என்று கேட்கிறார்கள். மங்கம்மாவைப் பற்றிப் பெரியம்மா சொன்னதைவிடக் கூர்மையான வர்க்க விமர்சனத்தைக் காட்டினால் அதையே மேற்கோளாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறேன். சாவு வீட்டில் பழைய இரும்புக்காரர் வருவதற்கு முன்னால் போய்ச் சேருங்கள். நான் பதினாறு நாள் தாமதமாகப் போனேன்.

ஓடாத பத்தொன்பது கேசட்டுகளில் ஒன்றை மட்டும் மேசைமேல் வைத்திருக்கிறேன். தூர்தர்ஷனிலிருந்து பதிவு செய்ததாக இருக்க வேண்டும்; அடுப்படியிலிருந்து வருவதற்குள் எழுத்துகள் போடுகிற பகுதி ஓடிவிட்டிருக்கும். முதுகில் பெரியம்மாவின் கையெழுத்து, கொம்பும் காலும் தாறுமாறாக:

“பேரு தெரியல. மூணு தடவ பாத்தேன். யாரும் இதுமேல வேற படம் பதியாதீங்க.”

என்ன படம் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.